ஏழாம் விதைக்கு நான் ஊற்றிய தண்ணீர்

கடல் பொங்கிக் குளச்சல் கரையை வாரிக்கொண்டு போன மார்கழிக்கு அடுத்து வந்த எடவப்பாதி மழைக்காலம் அது, மக்களே. உனக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. உன் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். கோயில் நிலவறையைத் திறந்து உலகமே நம் திருவனந்தபுரத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கு இன்னும் ஆறு வருஷம் கிடந்தது. சாலைக் கடைத்தெருவில் முட்டளவு தண்ணீர் ஏறி, கடைக்காரர்கள் அரிசி மூட்டைகளை மேசைமேல் அடுக்கியதும் அந்த மழையில்தான். வருஷத்தின் எண்ணைச் சொல்லத் தெரியாமல் இல்லை. எண்ணைச் சொன்னால் நீ உடனே அந்த வருஷத்து ஆராய்ச்சி அச்சுப் பிரதிகளைப் போய்ப் புரட்டுவாய். நான் சொல்லப்போவது அச்சில் ஏறாதது. அது என் தலைக்குள் மட்டும் இருபது வருஷமாக இருக்கிறது.

இதை எழுதித் தருவது பழவங்காடியில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் சிவகாமி. மத்தியானம் கடையில் ஆள் குறைந்த நேரமாகப் பார்த்து மூன்று நாளாக வருகிறேன். நான் பேசப் பேச அவள் அடிக்கிறாள். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். விஷயத்தில் கை வைக்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் பாதியில் நிறுத்தி, "மாமா, இத ஃபோன்ல பேசி அனுப்பினா போராதா? அவன் தமிழ வாசிக்கதே எழுத்துக் கூட்டித்தானே" என்றாள். உண்மைதான். நீ பள்ளிக்கூடத்தில் மலையாளமும் இங்கிலீஷும் படித்தவன். தமிழ் எழுத்தை உனக்குக் கொடுத்தது உன் அம்மா. ஸ்ரீவராகத்து வாடகை வீட்டின் அடுக்களையில், தட்டில் அரிசிமாவைப் பரப்பி, உன் விரலைப் பிடித்து. அதனால்தான் தமிழிலேயே வேண்டும் என்றேன். நீ மெதுவாக வாசிப்பாய். இது மெதுவாக வாசிக்க வேண்டிய சங்கதி. ஃபோனில் இரண்டு தடவை தொடங்கினேன். இரண்டு தடவையும் "என்னப்பா, மூச்சு முட்டுதா? டாக்டர்ட்ட போனீங்களா?" என்று நீ பதறினாய், நான் பேச்சை மாற்றிவிட்டேன். தவிர, உங்கள் ஆராய்ச்சி ஆட்களுக்கு எதற்கும் காகிதம் வேண்டும். ஆகவே கடைசியில் என் பெருவிரல் ரேகையையும் வைக்கிறேன்.

இந்த ஓணத்துக்கு நீ வந்தபோது உன் முகத்தை நான் பார்த்தேன். ஹைதராபாத்தில் டாக்டர் பட்டம் முடித்து, எட்டு மாசமாக எங்கெங்கோ எழுதிப் போட்டு, ஒன்றும் வராமல் கறுத்துப்போயிருந்த முகம், அன்று விளக்கேற்றின மாதிரி இருந்தது. கடல் கடந்து ஒரு பெரிய பல்கலைக்கழகம், அதில் போஸ்ட்டாக் வேலை, இரண்டு வருஷம், முதல் வருஷ முடிவில் வேலையைப் பார்த்துத்தான் அடுத்த வருஷத்தைத் தருவார்கள் என்றாய். போஸ்ட்டாக் என்றால் என்ன என்று எனக்கு விளக்கவும் வந்தாய். எனக்கு அது முன்பே தெரியும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு விளக்கினவள் குளச்சல்காரி. நான் வேலை பார்த்த தோட்டத்தில் ஆராய்ச்சிக்கு வந்திருந்த பெண். எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். "பஸ்ஸுக்குள்ள ஏறியாச்சு அண்ணாச்சி, ஆனா சீட்டு கெடைக்கல்ல. கம்பியப் பிடிச்சிட்டு நிக்கணும். யாராவது எறங்கினா உக்காரலாம். இல்லேன்னா பாதி வழியில நம்மள எறக்கி விட்டிருவாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பின்னால் அவளுக்கு அப்படியே நடந்தது.

அங்கே போய் என்ன வேலை செய்யப் போகிறாய் என்று நான் கேட்டதுதான் தாமதம், "உங்க தோட்டத்து நெல்லுதாம்பா" என்றாய். உப்புத் தண்ணீரைக் குடித்தும் சாகாத ஒரு விதையைப் பற்றி ஒரு பெண் எழுதியிருக்கிறாள், வெளிநாட்டில் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது வரவில்லை, அதனால் ஆட்கள் அவளைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள், ஆனால் அங்கே மண் வேறு, வெயில் வேறு, அவள் செய்தது சரிதான் என்று நான் காட்டுவேன், அதைச் சொல்லித்தான் இந்த வேலையே கிடைத்தது என்றாய். சின்ன வயசில் தோட்டத்துக்கு வரும்போது உனக்கு வேர்க்கடலை தந்த அந்த ஆன்ட்டிதான் அவர் என்று அவள் பெயரையும் சொன்னாய். நான் எழுந்து பின்கட்டுக்குப் போனேன். பாயசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே நினைத்தாய்? அங்கே தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்வரை உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அங்கேயும் சொல்லவில்லை. தை பிறந்ததும் கிளம்புகிறாய். அதற்குள் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் உன் வேலை போகலாம். தெரியாமல் போனால் நீயே போய்விடுவாய்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். அது எப்போது உனக்குத் தெரிந்தது என்பது எனக்குத் தெரியும். உனக்கு ஒன்பது வயசு. திருவனந்தபுரத்து பஸ் போர்டெல்லாம் மலையாளம். எந்த பஸ் என்று நீ கேட்டால், "அப்பா தமிழன், எனக்கு இந்த எழுத்து வராது" என்பேன், நீயும் நம்பிக்கொண்டிருந்தாய். அந்த வருஷம் உன் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்காக நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் போய் இறங்கினோம். அங்கே எல்லாம் தமிழ். அப்போதும் நான் ஒரு ஆளைப் பார்த்து, வள்ளியூர் பஸ் எது என்று கேட்டேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அதற்குப் பிறகு எந்தத் தெருவில் நடந்தாலும் போர்டுகளை எல்லாம் உனக்கு நீயே வாசிக்கிற மாதிரி சத்தமாக வாசித்துக்கொண்டு வருவாய், நான் கேட்கட்டும் என்று. அந்த மரியாதையை வேறு யாரும் எனக்குச் செய்ததில்லை. அதற்குப் பதிலாக நான் உனக்கு இன்றைக்குத் தருவது இது.

வள்ளியூர் பக்கத்திலிருந்து மூட்டை சுமக்க சாலைக் கடைத்தெருவுக்கு வந்தவன் நான். முதுகு விட்டுப்போன பிறகு பல்கலைக்கழகத்துச் செடித்தோட்டத்தில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். எல்லோருக்கும் எழுத்து வந்துவிட்டது என்று கொட்டடித்துச் சொன்ன நாடு இது. சாயங்காலங்களில் அட்சரம் சொல்லித்தர ஆட்கள் வீடு வீடாக வந்த காலத்தில் நான் பின்வாசல் வழியாக இறங்கிப் போய்விடுவேன். தோட்டத்தில் என்னைக் காப்பாற்றியது என் தமிழ். மலையாளம் வாசிக்கத் தெரியாத தமிழன் என்று அவர்கள் நினைத்தார்கள், நான் திருத்தவில்லை. படிக்காதவன் என்றால் அவமானம். வேறு பாஷைக்காரன் என்றால் அவமானம் இல்லை. வேலையில் எனக்கு எழுத்து தேவைப்பட்டதும் இல்லை. எந்தத் தொட்டி எங்கே இருந்தது, எந்தச் செடிக்கு எத்தனையாம் நாள் எந்த இலை வந்தது, போன வருஷம் எதைப் புழு தின்றது, எல்லாம் தலையில் இருக்கும். வாட்ச்மேன் குட்டன் பிள்ளை புது ஆட்களிடம் என்னைக் காட்டி, இவரிடம் கேட்டால் ரிஜிஸ்டர் வேண்டாம் என்பார். அந்தப் பேச்சில் நான் மயங்கிக் கிடந்தேன்.

குளச்சல்காரி அந்த மழைக்கு முன்னால் வந்தாள். கடல் ஏறி அவள் அப்பாவின் வயல் உப்பாகிப்போயிருந்தது. உப்பு மண்ணில் எந்த நெல் நிற்கும் என்று பார்க்கத்தான் அவளுடைய ஆராய்ச்சி. பழைய விதைகளாகத் தேடி எடுத்து வந்து, ஒன்று, இரண்டு என்று எண் வைத்தாள். ஏழாம் விதை அவள் அப்பா ஒரு பானையில் போட்டு வைத்திருந்தது. வலைக்கூடாரத்துக்குள் பெஞ்சு பெஞ்சாகத் தொட்டிகள். நீல ட்ரம்மில் நல்ல தண்ணீர், கறுப்பு ட்ரம்மில் உப்புத் தண்ணீர். எந்தத் தொட்டிக்கு எது, எந்த நாளிலிருந்து என்று என் பக்கத்தில் நின்று விரல் நீட்டிச் சொல்வாள். நான் ஒரு தடவை திருப்பிச் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே வேண்டாம். மலையாளத்து இரைச்சலுக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் தமிழ் பேசுவது எங்கள் இருவருக்குமே ஒரு ஆறுதல். "அண்ணாச்சிட்ட பேசினாத்தான் எனக்கு வாயில உள்ள கட்டு அவுருது" என்பாள்.

உன் அம்மாவின் ஆபரேஷனுக்கு நான் நாலு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்த அன்று குளச்சல்காரி இல்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று தகவல் வந்து, முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டாள். கூடாரத்தில் ஒரு புது பெஞ்சு. அத்தனையும் ஏழாம் விதை. கூடாரத்து வாசலில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம் தொங்கியது. குட்டன் பிள்ளை அதைக் காட்டி, உங்களுக்காகத் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது அந்தக் குட்டி, பாருங்கள் என்றார். அந்த இடத்தில் தமிழ் வாசிக்கக்கூடியவன் என்று எல்லோரும் நினைத்த ஒரே ஆள் நான். வேறு யாராக இருந்தாலும் இங்கிலீஷில் எழுதியிருப்பார்கள், நானும் குட்டன் பிள்ளையிடம் நீட்டி வாசிக்கச் சொல்லியிருப்பேன். அவள் என் மேல் வைத்த அன்பினால் தமிழில் எழுதினாள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் காகிதத்தின் முன்னால் ஒருவன் வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

அதை உறையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த உன் அம்மாவிடம் காட்டியிருக்கலாம். அவளுக்கு நன்றாக வாசிக்க வரும். எத்தனை தடவை இதை நினைத்திருக்கிறேன் தெரியுமா? ஆனால் காகிதத்தை வாசலிலிருந்து எடுத்தால் குட்டன் பிள்ளை ஏன் என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். புதிதாக நட்ட நாற்றுக்கு அவள் வந்து சொல்லும்வரை நல்ல தண்ணீர்தான் ஊற்றுவோம், எப்போதும் அதுதான் வழக்கம். ஆகவே நீல ட்ரம்மிலிருந்தே ஊற்றினேன். பன்னிரண்டு நாள் ஊற்றினேன். மழைக்காலத்துப் பச்சை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த பெஞ்சு முழுக்க அப்படி நின்றது.

அவள் திரும்பி வந்தாள். அப்பா பிழைத்துக்கொண்டார் என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவள், அந்த பெஞ்சைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். தொட்டித் தொட்டியாகக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். "அண்ணாச்சி, பேப்பரப் பாத்துத்தானே ஊத்தினீங்க?" நான், "பாத்துதான் மக்ளே" என்றேன். அவள் அப்படியே பெஞ்சின் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "எட்டு நாள் உப்பு குடிச்சிருக்கு. எட்டு நாள் குடிச்சும் நிக்குது பாருங்க. எங்க அப்பா வெதை." அப்போதுதான் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. நாலு நாள் நல்ல தண்ணீர், ஐந்தாம் நாளிலிருந்து கறுப்பு ட்ரம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் எழுந்து ஓடிப் போய் அவளுக்கு ஆராய்ச்சி சொல்லித்தருகிற ஸாரைக் கூட்டிவந்துவிட்டாள். ஸார் வந்தார், குட்டன் பிள்ளை வந்தார், பக்கத்து அறைப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஸார் என் தோளில் கை வைத்தார். அதுவரை ஒரு ஸார் என்னைத் தொட்டதில்லை.

இதோடு நின்றிருந்தால் தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். நிற்கவில்லை. இன்னொரு தடவை செய்து பார்க்காமல் எழுதக் கூடாது என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள். மறுபடியும் ஒரு பெஞ்சு நட்டாள். இந்தத் தடவை காலையில் அவள் கையாலேயே கறுப்பு ட்ரம்மிலிருந்து ஊற்றினாள். ஐந்தாம் நாள் இலை நுனி பழுத்தது. ஆறாம் நாள் சுருண்டது. அன்று சனிக்கிழமை. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "திங்கக்கிழம பாப்போம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் நான் மட்டும். நீல ட்ரம்மைத் திறந்து, ஒவ்வொரு தொட்டியிலும் அடியில் தண்ணீர் வழிந்து ஓடுகிறவரை ஊற்றினேன். உப்பு முழுக்க இறங்கட்டும் என்று மத்தியானம் மறுபடியும் ஊற்றினேன். அதற்குப் பிறகு தினமும் அவள் வருவதற்கு முன்னால் விடியக்காலையில் போய், முந்தின நாள் உப்பு இறங்கிப்போகும்படி ஊற்றினேன். செடி எழுந்து நின்றது. ஏன் செய்தாய் என்று நீ கேட்பாய். என் பொய் வெளியே வந்துவிடும் என்ற பயம் ஒன்று. இன்னொன்றும் உண்டு, அது இதைவிட மோசம். அவள் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். செடியைச் சாகவிடாமல் காப்பாற்றுகிறோம், அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்கிறோம் என்றே நினைத்தேன். அந்தச் செடி சாக வேண்டியிருந்தது, மக்களே. அது செத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

ஸார் மலையாளத்தில் "மதி" என்றார், போதும், இனி எழுது என்று. அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்த விதையைச் சொல்லியே வெளிநாட்டில் பெரிய பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் கிடைத்தது. இப்போது உனக்குக் கிடைத்திருக்கிற அதே மாதிரி, அதே இரண்டு வருஷம். போவதற்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்தாள். உன் அம்மாவுக்கு ஒரு சேலையும் உனக்கு ஒரு கலர் பென்சில் டப்பாவும் கொண்டுவந்தாள். உன் அம்மா அவளுக்கு எலுமிச்சை ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். போன பிறகு உன் அம்மா, "அந்தப் பிள்ளைட்ட நீங்க ஏன் மொகம் குடுத்தே பேசல்ல?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். உன் அம்மா கோபித்துக் கத்துகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். "ஒரு காகிதம் எடுத்துட்டு வாங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதித் தாரேன், நீங்க ரேகை மட்டும் வையுங்க. அவ பிளேன் ஏறதுக்கு மின்ன குடுத்திருவோம்" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அவள் சாகிறவரை வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் காகிதத்தைக் கேட்டாள். இன்றைக்கு சிவகாமி அடிக்கிறாளே, இது அதே காகிதம்தான். இப்போதுதான் எடுத்துவந்திருக்கிறேன்.

அங்கே போய் அவள் என்ன பாடுபட்டாள் என்பது எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. விதை முளைத்தது, உப்பு ஊற்றினார்கள், செத்தது. மறுபடியும் செய்தாள், செத்தது. முதல் வருஷம் மண்ணைச் சந்தேகப்பட்டார்கள், இரண்டாம் வருஷம் அவளைச் சந்தேகப்பட்டார்கள். அதற்கு மேல் நீட்டித் தரவில்லை. இங்கே ஸாரும் கைவிட்டார். தனக்கு ஒன்றும் தெரியாது, எண்களெல்லாம் அந்தப் பெண் கொண்டுவந்து காட்டியதுதான் என்றாராம். திரும்பி வந்து காலேஜ் வேலைக்குப் போன இடத்திலெல்லாம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ஒரு நாள் தோட்டத்துக்கு வந்தாள். நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆனால் நல்லபடியாக உடுத்தித்தான் வந்தாள். உன்னை விசாரித்தாள், உன் அம்மாவை விசாரித்தாள். அப்புறம், "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி. அந்த மொத பெஞ்சுக்கு, நான் எழுதி வெச்ச மாதிரிதானே ஊத்தினீங்க?" என்றாள்.

கையில் மண்ணோடு நின்றேன். அவ்வளவு தூரம் வந்து, ஒரு கூலிக்காரனிடம், தலையைக் குனிந்து கேட்கிறாள். சொல்லியிருந்தால் அவள் அந்த நிமிஷமே போய் அத்தனை பேர் முகத்திலும் அதை வீசியிருக்கலாம். ஆனால் அந்த மாசம்தான் எனக்கு வேலையை நிரந்தரமாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நீ ஆறாம் வகுப்பு. "எழுதின மாதிரிதான் மக்ளே" என்றேன். அவள் தலையாட்டினாள். "சரி. நீங்க தப்ப மாட்டீங்க, எனக்குத் தெரியும். அப்பம் தப்பு எங்கிட்டதான்." அவ்வளவுதான் சொன்னாள். கேட்டுக்கு வெளியே அவள் பஸ்ஸுக்கு நின்றதை நான் வேலிக்கு உள்ளிருந்து பார்த்தேன். பஸ் வர வெகுநேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் எனக்கு இருந்தது.

நீ செடிப்படிப்பு எடுத்தபோது நான் தடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பேங்க் பரீட்சை எழுது என்று சண்டை போட்டேன். கூலிக்காரன் பிள்ளை அதற்கெல்லாம் ஆசைப்படக் கூடாது என்று நான் நினைத்ததாக நீ உன் அம்மாவிடம் சொல்லி அழுதாய். அது இல்லை. அந்தக் கூடாரத்துப் பக்கம் நீ போகக் கூடாது என்றுதான். நீ போனாய். இருக்கிற விதையிலெல்லாம் அந்த விதையையே எடுத்தாய். உன்மேல் குற்றமில்லை, அவள் தந்த வேர்க்கடலையின் நன்றி உன்னிடம் இருக்கிறது. அவளைக் காப்பாற்ற நினைக்கிறாய். ஆனால் நீ காட்ட நினைக்கிற வழியில் அவளைக் காப்பாற்ற முடியாது. அந்த விதை உப்பில் நிற்காது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆறாம் நாள் சுருளும்.

ஆகவே உனக்கு நான் சொல்வது இதுதான். கிளம்புவதற்கு முன்னாலேயே உனக்கு வேலை கொடுத்த ஆளுக்கு எழுதிவிடு. என் அப்பா சொன்னார், அந்தப் பழைய எண் பொய் என்று எழுது. என்னை மறைக்காதே. அவர்கள் வேறு வேலை தரலாம், தராமலும் போகலாம். தராவிட்டால் உன் வாயிலிருந்த சோற்றைப் பிடுங்கியவன் நான்தான். இன்னும் எட்டு மாசமோ, எட்டு வருஷமோ நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வரலாம். அது எனக்குத் தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். அவளுக்கு வந்தது உனக்கு வருவதைவிட அது தேவலை. எங்கே போய் வேலை பார்த்தாலும், உன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனிடம் காகிதத்தை நீட்டிவிட்டுப் போகாதே. பக்கத்தில் நின்று வாயால் சொல், அவனைத் திருப்பிச் சொல்லச் சொல். சரியாகத்தான் செய்தேன் என்று அவன் சொன்னால் போதாது. என்ன செய்தாய் என்று கேள். குளச்சல்காரி என்னிடம், எந்த ட்ரம்மிலிருந்து ஊற்றினீர்கள் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு எனக்குப் பொய் சொல்ல வந்திருக்காது. நீலம் என்று வாயில் வந்திருக்கும். அவள் என்னை மதித்ததால் அப்படிக் கேட்கவில்லை.

மன்னிப்பு கேட்டு இதை எழுதவில்லை. உன்னிடம் கேட்க வேண்டியதில்லை, கேட்க வேண்டிய இடம் வேறு. எனக்கு இனி பஸ் ஏறி அவ்வளவு தூரம் போக மூச்சு இல்லை. இருந்த காலத்தில் போகவில்லை. நீ போக வேண்டும். குளச்சலில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி. ஃபோனில் சொல்லாதே. இந்தக் காகிதத்தை அவள் கையில் கொடு, அவளே வாசிக்கட்டும், அதுவரை நீ வாசலில் நில். வாசித்த பிறகு அவள் அதை வைத்து என்ன செய்தாலும் சரி, யாருக்கு அனுப்பினாலும் சரி, ரேகை என்னுடையது. அவள் உன்னை வெளியே போ என்று சொன்னால் போய்விடு.

அந்த முதல் பெஞ்சைச் சுற்றி நின்றவர்களை இன்றைக்கு ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஸார் கொரோனாவில் போனார், முகத்தைக்கூடக் காட்டவில்லை. குட்டன் பிள்ளை குளக்கரையில் வழுக்கி இடுப்பொடிந்து, ஒரு வருஷம் படுக்கையில் கிடந்து போனார். கடைசியாகப் பார்க்கப் போனபோதும் என் ஞாபகசக்தியைத்தான் புகழ்ந்தார். எட்டிப் பார்த்த அந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவன் பைக்கில் அடிபட்டுச் செத்தான், இன்னொருத்தி போன வருஷம் புற்றுநோயில் போய்விட்டாள் என்று பேப்பரில் படத்தைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரை வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன். எல்லாம் தெரிந்திருந்த உன் அம்மாவும் போய் ஆறு வருஷம் ஆகிறது. என்னைச் சேர்க்காதே, நான் அன்றைக்கே அங்கே இல்லாதவன் மாதிரிதான் நின்றேன். பதினைந்து வருஷத்துக்கு மேலாக என் வாய் சொல்லாத பெயரை சிவகாமியிடம் இப்போது சொல்கிறேன், உறையின் மேல் நன்றாகப் பெரிதாக, டாக்டர் என்பதையும் சேர்த்து அடிக்கச் சொல்லி. அவர்களில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான், மக்களே. டாக்டர் பியூலா ஞானசெல்வி.